கண் கொண்டதும் கோல் தந்ததும்: சுந்தரர் பார்வையிழந்த நிகழ்வில் இறைத்தண்டனை குறித்த மூன்று நோக்குகள்

ஆய்வுச்சுருக்கம்

இறைவன் தன்னை நம்பியவரை அவர்தம் பிழைக்காக இப்பிறவியிலேயே தண்டிப்பானா என்னும் வினா, தமிழ்ச் சைவ மரபில் சுந்தரர் பார்வையிழந்த நிகழ்வில் கூர்மை பெறுகிறது. சுந்தரரின் பதிகங்கள், சேக்கிழாரின் பெரியபுராணம், அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் ஆகிய மூன்றும் இவ்வினாவை வெவ்வேறாக எதிர்கொள்கின்றன. பதிகம் இறைவனோடு வழக்காடுகிறது. புராணம் அவ்வழக்கிற்குக் கதையின் வழியே காரணம் காட்டுகிறது. சாத்திரம் காரணத்தைப் பொதுவிதியாக்குகிறது. சாத்திரத்தையும் புராணத்தையும் முன்வைத்தே பதிகத்தைப் படிக்கும் வழக்கத்தில் பதிகத்தின் வினா மங்கிவிடுகிறது. துன்பத்தை இறைத்தண்டனையாகச் சொல்லும் உரிமையைப் பதிகங்கள் துன்புறுபவருக்கே அளிக்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுந்தரர், சங்கிலியார், தேவாரம், பெரியபுராணம், சிவஞான சித்தியார், வினைக்கொள்கை, சூலை, இறைத்தண்டனை

முன்னுரை

புதுச்சேரியின் முதலியார்பேட்டை வழியாகத் தெற்கே செல்லும் கடலூர்ச் சாலை, திருப்பாதிரிப்புலியூரை நோக்கி இட்டுச் செல்கிறது. திருநாவுக்கரசர் சமணத் துறவியாக வாழ்ந்த பாடலிபுத்திரம் இவ்வூரே என்பது மரபு. அங்கிருந்து கெடில நதியையொட்டி மேற்கே சென்றால் அவர் சூலைநோய் நீங்கப்பெற்ற திருவதிகை. அதற்கும் அப்பால் சுந்தரர் பிறந்த திருநாவலூரும், அவரை இறைவன் ஓலை காட்டி அடிமை கொண்ட திருவெண்ணெய்நல்லூரும் உள்ளன. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் வாழ்ந்ததும் அதே வெண்ணெய்நல்லூரே. அவருடைய மாணவர் அருணந்தியின் ஊராகிய திருத்துறையூரும் இவ்வட்டாரத்தினதே. இறைவன் அடியவரை வருத்துவானா என்னும் வினாவைத் தம் உடம்பால் எழுப்பிய இருவரும், அவ்வினாவிற்குச் சாத்திர விடை வகுத்த ஆசிரியரும் திருமுனைப்பாடி நாடு என்னும் ஒரே நிலப்பகுதியினர்.

இந்நிலப்பகுதிக்கு அணித்தான புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம், தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தை 1984–85 ஆண்டுகளில் வெளியிட்டது. பதிகத்திற்கு முன் அது பாடப்பட்ட சூழல் குறித்த புராண வரலாற்றைத் தருவது திருமுறைப் பதிப்புகள் பலவற்றின் வழக்கம். அவ்வழக்கில் படிப்பவர் வினாவைக் கேட்கும் முன்பே விடையைப் பெற்றுவிடுகிறார். பதிகம், புராணம், சாத்திரம் ஆகிய மூன்றையும் அவை தோன்றிய கால வரிசையில் நிறுத்திப் பார்க்கும்போது வேறொரு தோற்றம் கிடைக்கிறது.

வினையும் தண்டனையும்

'தண்டனை' என்னும் சொல்லை இப்பொருளில் ஆள்வதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். பிறருக்கு முற்பகலில் தீங்கு செய்தவருக்குப் பிற்பகலில் தீங்கு தானாகவே வந்து சேரும் என்கிறது திருக்குறள் (319). பயன் விரைந்து வருகிறது. ஆயினும் அதனைத் தருபவர் எவரும் அங்குச் சுட்டப்படவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்பதற்கு முற்பிறப்பில் அவன் செய்த வினை காரணமாகக் காட்டப்படுகிறது. அங்கும் ஊழே செயற்படுகிறது. ஒரு துன்பம் தண்டனையாவதற்குத் தண்டிப்பவர் ஒருவர் வேண்டும். அவரிடம் முறையிடவும் அவரைக் குறைகூறவும் இயல வேண்டும். ஊழோடு எவரும் வழக்காட இயலாது.

சைவ சித்தாந்தம் வினையைத் தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என மூன்றாகப் பகுக்கிறது. இப்பிறவியின் இன்பதுன்பங்கள் நுகர்வினையின் பயன்; இப்போது செய்யும் செயல் ஏறுவினையாகிப் பொதுவாகப் பின்னொரு பிறவிக்கே பயன் தரும். வினை தானே பயன் தராது, இறைவனே அதனைக் கூட்டுவிக்கிறான் என்பதும் சித்தாந்தத்தின் உறுதிப்பாடு. இவ்வமைப்பில் இப்பிறவிப் பிழைக்கு இப்பிறவியிலேயே, அதுவும் பிழை செய்த அக்கணத்திலேயே துன்பம் வருதல் விதிவிலக்காகும். சுந்தரருக்கு நேர்ந்தது அத்தகைய விதிவிலக்கு.

சேக்கிழார் அமைக்கும் வழக்கு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்நிகழ்ச்சியை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தினுள் விரிவாகப் பாடுகிறார். திருவொற்றியூரில் கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்கு மாலை தொடுத்துவந்த சங்கிலியாரைச் சுந்தரர் காண்கிறார். அவரைத் தமக்குத் தருமாறு இறைவனிடம் வேண்டுகிறார். இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சுந்தரரின் விருப்பத்தைக் கூறுகிறான். சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் என்பதைச் சங்கிலியார் எடுத்துரைக்க, உன்னைப் பிரியேன் என அவர் சூளுரைப்பார் என்று இறைவன் உறுதியளிக்கிறான்.

பல தலங்களுக்கும் சென்று வழிபடும் இயல்புடைய சுந்தரருக்கு இச்சூளுறவு கட்டாகத் தோன்றுகிறது. தாம் சன்னிதியில் சூளுரைக்கும்போது கருவறையை விட்டு நீங்கி மகிழமரத்தடியில் இருக்குமாறு அவர் இறைவனை வேண்ட, அவனும் உடன்படுகிறான். அதன்பின் இறைவன் சங்கிலியாரின் கனவில் மீண்டும் தோன்றி, மகிழின் கீழேயே சூளுரைக்குமாறு கேட்கும்படி கூறிவிடுகிறான். மறுநாள் தோழியர் வாயிலாக இக்கோரிக்கை வைக்கப்பட, மறுக்கவியலாத நிலையில் சுந்தரர் மரத்தை வலம்வந்து சூளுரைக்கிறார். திருமணம் நடக்கிறது. வசந்த காலம் வரத் திருவாரூர் விழாவும் பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வருகின்றன. அவர் புறப்படுகிறார், ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்களும் மறைகின்றன.

இக்கதையமைப்பில் பிழை ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படுகிறது. சூள் உண்டு; சான்று உண்டு; மீறல் உண்டு; மீறிய எல்லையிலேயே தண்டனையும் உண்டு. ஆயினும் பிழை செய்தவரைச் சிக்கவைத்தவனும் தண்டித்தவனும் ஒருவனாகவே இருப்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. சுந்தரரின் தந்திரத்திற்கு முதலில் உடன்பட்டவனும், அதனைச் சங்கிலியாரிடம் வெளிப்படுத்தியவனும் இறைவனே. தோழமையின் விளையாட்டாக இதனைக் கொள்ளலாம். சங்கிலியாருக்கு அளித்த வாக்கைக் காத்ததாகவும் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும், நடுநின்ற நீதிபதியின் இடத்தில் இறைவனை வைக்க இக்கதை இடந்தருவதில்லை.

பொதுமக்களின் நினைவிலும் இம்மகிழமரம் நிலைபெற்றது. சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்து ஒற்றியூர்க் கல்வெட்டொன்று, திருவிழாவின்போது மகிழின் கீழ் ஆளுடைய நம்பியின் புராணம் கேட்கப்பட்டதைக் குறிக்கிறது. இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழ்கிறது. இவ்விரண்டிலும் முன்னிற்பது சூளுறவு நிகழ்ந்த இடமே என்பது நோக்கத்தக்கது.

பதிகத்தின் குரல்

சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய சுந்தரரின் பதிகங்களில் நிகழ்ச்சி கதையாக வருவதில்லை. துன்பமும் முறையீடும் மட்டுமே வருகின்றன. ஒற்றியூர்ப் பதிகத்தில் (7.54) சுந்தரர் தாம் பிழை செய்பவர் என்பதை ஒப்புகிறார், ஆனால் இறைவனின் திருவடிக்குப் பிழை செய்பவரல்லர் என உடனே வரையறுக்கிறார். மூன்று கண் உடைய இறைவன் தம் கண்களைக் கொள்வதே கணக்கும் வழக்குமானால், ஊன்றுகோலாவது தரவேண்டும் என்கிறார். தண்டனையின் நியாயத்தை ஒரு பேச்சுக்கு ஏற்று, அதன் அளவைப் பற்றிப் பேரம் பேசும் குரல் இது. அதே பதிகத்தில் தம் வீட்டுப் பெண்டிர் தம்மைக் குருடன் என்று இகழ்ந்து விலக்குவதைத் தாங்க இயலவில்லை என்றும் முறையிடுகிறார். பார்வையிழப்பின் வலியோடு அதனைக் கண்டவர் கூறும் சொல்லின் வலியும் இங்குச் சேர்கிறது.

முல்லைவாயில் பதிகத்தில் (7.69) சங்கிலிக்காகத் தம் கண்களைக் கொண்டவன் என இறைவனை அழைக்கிறார். வெண்பாக்கத்தில் (7.89) வாதம் மேலும் கூர்மையடைகிறது. பிழையைப் பொறுப்பான் என்னும் நம்பிக்கையிலேயே தாம் பிழை செய்ததாகவும், தனக்கு வரும் பழியையும் பாராமல் இறைவன் தம் கண்களை மறைத்துவிட்டதாகவும் கூறுகிறார். தீர்ப்பு இங்கே திசை மாறுகிறது. பிழை அடியவருடையது, பழி இறைவனுடையது. கோயிலினுள் இருக்கிறாயா என்று கேட்டவருக்கு, இருக்கிறோம், நீர் செல்லும் என்னும் பொருளில் விடை வருகிறது. இத்தலத்திலேயே இறைவன் ஊன்றுகோல் தந்ததாகப் புராணம் கூறும்.

காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. திருவாரூரை அடைந்தபின் பாடிய பதிகத்தில் (7.95) சுந்தரர் முற்றிலும் வேறான நிலைப்பாட்டை மேற்கொள்கிறார். தாம் குற்றம் எதுவும் செய்யவில்லை என்கிறார். தம் கண்களைக் கொண்டதற்குக் காரணம் கேட்கிறார். பழிப்பட்டவன் இறைவனே என்கிறார். மற்றைக் கண்ணைத் தராவிட்டால் நீரே வாழ்ந்து போம் என்று கசந்து வாழ்த்துகிறார். வெண்பாக்கத்தில் ஒப்புக்கொண்ட பிழையை ஆரூரில் மறுப்பது முரணாகத் தோன்றலாம். வழக்கின் மொழியில் வைத்துப் பார்த்தால் முரண் தளர்கிறது. ஒரு கண்ணை மீளத் தந்ததன் வாயிலாகத் தண்டனை முடிந்ததென இறைவனே ஒப்பிவிட்டான். மற்றைக் கண்ணை நிறுத்தி வைப்பதற்கு இனிக் குற்றம் எதுவும் எஞ்சவில்லை. இதே பதிகத்தில், தம்மை விற்றுக்கொள்ளலாம், ஆனால் தாம் ஒற்றிப் பொருளல்லர், விரும்பி அடிமையானவர் என்றும் கூறுகிறார். ஒற்றி என்னும் சொல்லில் ஒற்றியூரின் நிழல் படிந்திருப்பதை உணரலாம்.

இச்சட்டமொழி தற்செயலானதன்று. சுந்தரருக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவே வெண்ணெய்நல்லூர் அவையில் ஆவண ஓலையால் தொடங்கியது. அங்கு வன்மை பேசியதால் வன்தொண்டர் என்னும் பெயர் பெற்றார். டேவிட் ஷுல்மன் 1990இல் வெளியிட்ட சுந்தரர் மொழிபெயர்ப்புக்கு அப்பெயரையே தலைப்பின் கருவாகக் கொண்டார். ஓலை காட்டி வென்ற இறைவனை அதே வழக்குமுறைக்குள் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை அடியவரும் பெற்றுவிட்டார் என்பதே இப்பதிகங்களின் உள்ளுறை. தண்டனைக்கு அஞ்சி ஒடுங்கும் குரல் இவற்றில் இல்லை.

சூலை: ஒரு நோய், இரு பயன்

சுந்தரரின் வழக்கைத் திருநாவுக்கரசரின் சூலையோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். சேக்கிழாரின் கூற்றுப்படி, தம்பியைச் சமணத்திலிருந்து மீட்குமாறு திலகவதியார் வேண்ட, சூலை தந்து ஆட்கொள்வோம் என இறைவன் கனவில் கூறுகிறான். ஆகவே நோய்க்குக் காரணம், நோக்கம், முடிவு ஆகிய மூன்றும் படிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அப்பரின் முதற்பதிகமோ தாம் பல கொடுமைகள் செய்ததை அறியேன் என்று தொடங்குகிறது. நோயாளிக்குத் தம் குற்றம் தெரியவில்லை. தெரிவது வலி மட்டுமே. புராணம் விடையை அறிந்து பேசுகிறது; பதிகம் அறியாமல் கேட்கிறது.

சூலை பெரியபுராணத்தில் மீண்டும் வருகிறது. பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் இறைவனையே தூதனுப்பியதைக் கேட்டுச் சினந்த ஏயர்கோன் கலிக்காமருக்கும் இறைவன் சூலை தருகிறான். சுந்தரர் வந்தாலன்றி அது தீராது என்கிறான். கலிக்காமர் செய்த பிழை யாது? இறைவனின் பெருமைக்காகச் சினந்ததே. இருவரையும் நண்பராக்குவதே நோயின் நோக்கம் என்று கதை காட்டுகிறது. ஒரே நோய் ஓரிடத்தில் மதம் மாறியவரை மீட்கவும், வேறோரிடத்தில் மாறாத அன்பரைப் பணிவிக்கவும் வருமானால், நோயைக் கண்டு பாவத்தை அளக்கும் வழி சேக்கிழாரின் நூலிலேயே அடைபட்டுவிடுகிறது.

சாத்திரத்தின் விடை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் சுபக்கத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இவ்வினாவை நேரடியாக எதிர்கொள்கிறார். இறைவனின் ஒறுத்தலும் அன்பினால் நிகழ்வதே என்பது அவர் நிலைப்பாடு. இதற்கு அவர் தரும் உவமைகள் மூன்று. சொற்கேளாத பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் கட்டி வைப்பதும் பரிவினாலேயே. மருத்துவன் சில நோய்களை அறுத்துக் கீறியும், சிலவற்றை இனிய பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்க்கிறான். அரசன் இங்கே குற்றவாளியைத் தண்டித்துத் திருத்திவிட்டால், அவர் நரகம் புகுவதில்லை.

மூன்றாம் உவமை இக்கட்டுரையின் வினாவிற்கு மிக நெருக்கமானது. இப்பிறவித் தண்டனை மறுமைத் தண்டனைக்கு மாற்றாகி, ஒருவகைச் சலுகையாகிவிடுகிறது. அன்பருக்குக் கணக்கு விரைவில் தீர்க்கப்படுகிறது என்னும் கருத்து துன்பத்திற்குப் பொருளும் எல்லையும் தருவதால் துன்புறுபவருக்கு ஆறுதலாகலாம்.

எனினும் உவமைகள் ஒவ்வொரு வழக்கிற்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. மருத்துவன் உவமை அப்பரின் சூலைக்கு நன்கு பொருந்துகிறது. பெற்றோர் உவமை சுந்தரர் நிகழ்வில் தடுமாறுகிறது. பிள்ளையை அடிக்கும் தந்தை, அப்பிள்ளை தவறுவதற்கான சூழலைத் தானே அமைப்பதில்லை. அரசன் உவமையோ, தண்டித்தவன் மீதே பழி சாற்றும் ஆரூர்ப் பதிகத்தின் முன் விடையின்றி நிற்கிறது. சாத்திரம் பொதுவிதி கூறுவது. அதன் வேலை அதுவே. தனிமனிதரின் ஒரு துன்பத்தை விளக்க அவ்விதியை அப்படியே பொருத்தும்போதுதான் இடர் எழுகிறது.

சங்கிலியாரின் இடம்

மூன்று நூல்வகைகளிலும் போதிய கவனம் பெறாதவர் சங்கிலியார். சூள் அவருக்கு அளிக்கப்பட்டது. மீறலால் பாதிக்கப்பட்டவரும் அவரே. கண்கள் மறைந்தபின் சேக்கிழாரின் கதை சுந்தரரையே பின்தொடர்கிறது. பரவையாரின் சினம் விரிவாகப் பாடப்படுகிறது. அதனைத் தணிக்க இறைவனே இருமுறை தூது நடக்கிறான். சங்கிலியாரிடம் எவரும் தூது செல்லவில்லை. சுந்தரர் ஒற்றியூருக்கு மீண்டதாகவும் சேக்கிழார் பாடவில்லை. கண்களைத் திரும்பப் பெறுவதற்குச் சங்கிலியாரின் மன்னிப்பு ஒரு நிபந்தனையாக வைக்கப்படவும் இல்லை.

கயிலையில் உமையம்மையின் சேடியராயிருந்த கமலினியும் அநிந்திதையுமே பரவையாராகவும் சங்கிலியாராகவும் பிறந்தனர் எனவும், முடிவில் மீண்டும் அம்மையின் பணியை அடைந்தனர் எனவும் புராணம் கூறுவதால் இக்குறை நிறைவு பெறுகிறதென வாதிடலாம். அந்நிறைவு பிறவிக்கு அப்பாற்பட்டது. சுந்தரருக்கு வந்த தண்டனையும் கண்ணும் கோலும் இப்பிறவியிலேயே வந்தன. சங்கிலியாருக்கு மட்டும் கயிலை வரை காத்திருப்பு. இறைவன் பிழையாளரைத் தண்டித்ததால் பிழைக்கு உள்ளானவர் எதனையும் பெறவில்லை என்பது இங்கு வெளிப்படை. இறைத்தண்டனைக் கருத்து பெரிதும் இறைவனுக்கும் அடியவருக்கும் இடையிலான உறவைச் செப்பனிடுகிறது. மனிதருக்கு மனிதர் செய்த தீங்கை அது செப்பனிடுவதில்லை. முல்லைவாயில் பதிகம் சங்கிலியின் பெயரைச் சொல்லித் தண்டனையின் காரணத்தை நினைவில் நிறுத்துகிறது.

பிறர் துன்பமும் 'நாம்' என்னும் சொல்லும்

சுந்தரரும் அப்பரும் தம் துன்பத்தைத் தாமே பேசுகின்றனர். பிறர் துன்பத்தைப் பற்றிப் பேசும்போது பதிகம் என்ன செய்கிறது? பாண்டியனின் வெப்புநோய் தொடர்பான சம்பந்தர் பதிகம் இங்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படலாம். அடியார் இருந்த மடத்தில் இடப்பட்ட தீ மன்னனைச் சென்று பற்றட்டும் என்று அது வேண்டுகிறது. ஆனால் அப்போது மன்னன் அடியவனாயிருந்திலன். அத்தீயும் மெல்லவே செல்லட்டும் என்று சம்பந்தர் அதன் வேகத்தைக் குறைக்கிறார்.

அடியவர் நோயுற்றபோது அவர் பாடியது வேறு. கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடனிருந்த அடியாரைக் குளிர்சுரம் வருத்தியபோது பாடிய திருநீலகண்டப் பதிகம், முன்செய்த அவ்வினைக்கு இவ்வினை என்று பேசுவதை நீங்கள் அறிவீர்கள், ஆயினும் உய்யும் வழியை நாடாதிருப்பது குறையல்லவா என்று கேட்கிறது. வினைக்கொள்கையை அது மறுக்கவில்லை. அதனைச் சொல்லி அமைந்துவிடுவதையே மறுக்கிறது. தீவினை நம்மைத் தீண்டாதிருக்கட்டும் எனப் பாடும்போது பாடுபவரும் நோயாளரும் 'நாம்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றனர்.

விவிலியத்தின் யோபு நூலும் இவ்வேறுபாட்டை அறியும். துன்புறும் யோபு இறைவனோடு வழக்காடுகிறார். நண்பர்களோ அவர் பாவம் செய்திருக்க வேண்டும் என இறைவன் சார்பில் வாதிடுகின்றனர். முடிவில் கண்டிக்கப்படுபவர்களுள் அந்நண்பர்களும் உள்ளனர். யோபு குற்றமற்றவர்; சுந்தரர் சூளை மீறியவர். இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் சுந்தரரின் ஒற்றியூர்ப் பதிகத்தில் குருடன் என்று இகழும் வீட்டுப் பெண்டிரின் குரலும், யோபின் நண்பர்களின் குரலும் ஒரே வேலையைச் செய்கின்றன. குற்றம் உண்மையாயினும் அதனைச் சுட்டும் உரிமை அருகில் நிற்பவருக்கு வந்துவிடுவதில்லை.

முடிவுரை

இறைவன் அடியவரை இப்பிறவியிலேயே தண்டிக்கிறான் என்று தமிழ்ச் சைவம் கூறுகிறதா என்னும் வினாவிற்கு, கூறுகிறது என்பதே நேர்மையான விடை. சேக்கிழார் அதனைக் கதையாகவும், அருணந்தி கொள்கையாகவும் கூறுகின்றனர். அக்கூற்று முதலில் எழுந்த பதிகத்தில் அது கண்ணிழந்தவரின் வாயிலிருந்து, கண்ணைக் கொண்டவனை நோக்கி, கண்ணைத் திரும்பக் கேட்பதற்காகச் சொல்லப்பட்டது. அச்சூழலில் தண்டனை என்னும் சொல் உறவு இன்னும் அறுபடவில்லை என்பதற்குச் சான்று. அதே சொல்லை அருகில் நிற்பவர் எடுத்து நோயாளர் மீது வைக்கும்போது அது இகழ்ச்சியாகிறது. கொள்கை நூலொன்றின் துணை இருந்தாலும் அத்தன்மை மாறுவதில்லை.

தேவாரம், பெரியபுராணம், சித்தாந்த சாத்திரம் ஆகியவற்றை ஒரே குரலாகப் படிக்கும் பாடத்திட்ட வழக்கம் இவ்வேறுபாட்டைக் காணவிடுவதில்லை. அவற்றின் இடைவெளியை நிரப்பாமல் படித்தால், ஆரூர்ப் பதிகத்தின் கசப்பும் சங்கிலியாரின் மௌனமும் ஆய்வுக்கு உரிய பொருள்களாகின்றன. சங்கிலியாரை மையமாகக் கொண்டு ஒற்றியூரின் கல்வெட்டு, விழா, வழிபாட்டு மரபுகளை ஆராய்வது இவ்வகையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.